விசிலை வாயில் வைத்துக்கொண்டு சொன்னது

கண்டக்டர் வேலை கையால் செய்கிற வேலை என்று நினைப்பார்கள். அது வாயால் செய்கிற வேலை. அந்த வாய்க்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவர் பேரூரில் இறங்கும் இங்கிலீஷ் வாத்தியார் தண்டபாணி. அவர் பெயரை முதலில் எழுதிவிட்டால்தான் எனக்கு மற்றது எழுத வரும். தொண்ணூறுகளில் உக்கடத்திலிருந்து தொண்டாமுத்தூர் போன டவுன் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பக்கம் சாட்சி சொல்லுங்கள்.

விசில்

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காலை எட்டரை ட்ரிப்பில் ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் கம்பி, பல்லுக்கு நடுவில் விசில். ஒவ்வொருவருக்கும் விசிலை எடுத்து எடுத்துப் பதில் சொன்னால் பஸ் நகராது. அதனால் விசிலோடேயே பேசுவோம். அன்றைக்கு வாத்தியார் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். "ஸ்டாப்பிங்லதானுங்க சார் நிக்கும்" என்றேன். விசிலைச் சுற்றிக்கொண்டு அது என்னவாக வெளியே வந்ததோ, வாத்தியார் முகம் கறுத்துவிட்டது.

மூன்றாம் நாள் பஸ் முதலாளிக்கு வாத்தியாரிடமிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. 'கண்டக்டர் என்னைப் பார்த்து மட்டர் செய்தார்' என்று அதில் இருந்ததாம். ஆபீஸ் மேனேஜர் அதற்கு 'வாய்க்குள் திட்டுவது' என்று அர்த்தம் சொன்னார். எனக்கு அப்போதே முழங்கால் வலி. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பஸ் நேரம் குறிக்கும் எங்கள் டைம் கீப்பர் தை மாதம் வேலையை விடுகிறார், அவர் நாற்காலி எனக்கு என்று பேச்சாகியிருந்தது. முதலாளி என்னை எட்டு நாள் வீட்டில் உட்கார வைத்தார். நாற்காலிப் பேச்சையும் நிறுத்திவிட்டார். "வெளிய திட்டியிருந்தாக்கூட உட்ருவேனப்பா. உள்ளுக்குள்ள திட்டறவனை எப்படி நம்பறது? அந்த வார்த்தை தப்புன்னு வாத்தியாரே எழுதிக் குடுக்கட்டும், அப்பறம் நாற்காலியைப் பத்திப் பேசலாம்."

பேங்க் அம்மணி

செல்வபுரத்தில் ஏறும் கல்யாணி அம்மணிக்குப் பேரூரில் பேங்க் வேலை. எட்டு நாள் கழித்து என்னைப் பார்த்ததும் என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். செல்வபுரத்திலிருந்து பேரூர் போவதற்குள் எனக்கு இங்கிலீஷ் பாடமே எடுத்துவிட்டார். வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு, இல்லை கூச்சத்தில், தெளிவில்லாமல் பேசினால் மம்பிள். கோபத்தில், அடுத்தவனுக்குப் பாதி கேட்டால் போதும் என்று பேசினால் மட்டர். இதமாக, மெல்லப் பேசினால் மர்மர். மூன்றும் எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டன. ஆனாலும் மனப்பாடம் செய்துகொண்டேன். இறங்கும்போது தீர்ப்பும் சொன்னார்: "நீங்க செஞ்சது மம்பிளுங்கண்ணா. அது குத்தமில்லீங்க, வெறுங் குறை."

வெற்றிலை

அதற்குப் பிறகு டிக்கெட் கேட்கிறவர்களையெல்லாம் மூன்று கூடையில் போட ஆரம்பித்தேன். முதல் கூடையான மம்பிளில் விழுந்தவர் ஒரு பெரியவர். வாய் நிறைய வெற்றிலைச் சாறு. ஜன்னலோரம் பொம்பளைகள் உட்கார்ந்திருந்ததால் துப்பவும் வழியில்லை. எங்கே போகணும் என்றால் "ம்மூம்" என்கிறார். பஸ்ஸே சேர்ந்து யோசித்து, தொண்டாமுத்தூர் என்று முடிவு செய்து டிக்கெட் கொடுத்தோம். கடைசி ஸ்டாப்பிங்கில் இறங்கி, வேலியோரம் துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "பேரூருன்னு மூணு வாட்டி சொன்னேன். காதை ஊட்லயே வெச்சுப்போட்டு வந்துட்டயா கண்ணு?"

யானை

மர்மர் என்ன என்று எனக்கு விளங்க வைத்தது ஒரு யானை. விடிகாலை முதல் ட்ரிப். தொண்டாமுத்தூருக்குச் சற்று முன்னால், தென்னந்தோப்பு ஓரமாக ரோட்டை மறித்து நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஆறுமுகம் இஞ்சினை அணைத்துவிட்டார். பஸ்ஸில் முப்பது பேர். ஒருவரும் சத்தம் போடவில்லை, ஒருவரும் சும்மாவும் இல்லை. "போ சாமி", "நல்லா இரு சாமி" என்று ஆளாளுக்கு உதட்டுக்குள் சொன்னதெல்லாம் சேர்ந்து, மூடிய பானைக்குள் தண்ணீர் காய்கிற மாதிரி ஒரு சத்தம். கால் மணி நேரம் கழித்து அது தோப்புக்குள் போனது.

நானும் சொன்னேன். பழக்கதோஷம், விசிலோடு. ஆறுமுகம் திரும்பிப் பார்த்து, சைகையாலேயே அதை எடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் காதோடு சொன்னார்: "வாத்தியாருன்னா கடுதாசி எழுதுவாரு. இது கடுதாசி எழுதாதுங்ணா."

காய்கறி மூட்டை

மட்டர் எப்படி இருக்கும் என்று வாத்தியாருக்கே காட்டும் பாக்கியம் மார்கழியில் கிடைத்தது. ஒரு அம்மா கத்தரிக்காய் மூட்டையோடு ஏறி, வழியிலேயே வைத்தார். டாப்பில் போடச் சொன்னேன். போட்டார். ஆனால் அங்கிருந்து பேரூர் வரை வாய் ஓயவில்லை. 'நாசமா' என்பது மட்டும் அவ்வப்போது தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். என்னம்மா சொல்றீங்க என்று நான் கேட்டதற்கு, "உங்களை ஒண்ணுஞ் சொல்லலீங்க. உங்களை வேலைக்கு வெச்ச புண்ணியவானைத்தானுங்க சொன்னேன்" என்றார்.

விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "சார், இது மம்பிளுங்களா, மட்டருங்களா?" வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மட்டர்" என்றார். "அப்ப நான் அன்னைக்கு விசிலோட சொன்னது?" தைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அந்த வார்த்தை தப்பென்று முதலாளிக்கு நாலு வரி எழுதினால் போதும் என்றும் சொல்லிவிட்டேன். பஸ்ஸே அவர் வாயைப் பார்த்தது.

பேரூர் வந்தது. படியில் இறங்கும்போது திரும்பி, மார்பில் கை வைத்து, உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து ஆறுமுகம் நின்ற பஸ்ஸிலேயே ஆக்ஸிலேட்டரை மிதிக்க, இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வாத்தியாருக்குப் பின்னாலேயே இறங்கிய கல்யாணி அம்மணியிடம், என்ன சொன்னார் என்று கத்திக் கேட்டேன். ரோட்டில் நின்றபடி அவர் சொன்ன பதில்: "எனக்கும் காதுல உழுகலீங்கண்ணா. ஆனா மட்டர் இல்லீங்க, அது மட்டும் நிச்சயம்."

கடிதம் வரவில்லை, நாற்காலிக்கு வேறு ஆள் வந்தான், நான் அதே முழங்காலோடு இன்னும் ஆறு வருஷம் நின்றேன். விசிலை வைத்துக்கொண்டு வார்த்தையை மென்ற எனக்கு எட்டு நாள் தண்டனை என்றால், வாயில் ஒன்றுமே இல்லாமல் மென்ற வாத்தியார் எனக்கு அந்த நாலு வரியை இன்னும் தர வேண்டியிருக்கிறது.