ஹீட்டர் மேல் எழும்பிய பெயர்

எதிர் வீட்டுப் பெண் தோழிக்குப் பிறந்தநாள் அட்டை செய்துகொண்டிருந்தாள். ஈர மையில் தங்கப் பொடியைத் தூவி, உதறி, தலைமுடி உலர்த்தும் கருவி போன்ற ஒன்றால் சூடு காட்டினாள். எழுத்து உப்பி மின்னியது. "எப்படி ஆன்ட்டி?" என்றாள். நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு வந்து படுத்துவிட்டேன். பொடி உருகும் அந்த வாசனைக்கு எனக்கு இன்னும் தலை வலிக்கிறது.

எழுபதுகளில் திருவள்ளூரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இரண்டு வருடம் அதைத்தான் சுவாசித்தேன். மணவாள நகரிலிருந்து நடந்தே போவேன். கோதண்டண்ணன் காலால் மிதித்து ஓட்டும் மெஷினில் அடித்துப் போடும் அட்டைகளில் மை காய்வதற்குள் பொடி தூவ வேண்டும். மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஒவ்வொன்றாக மின்சார ஹீட்டருக்கு மேல் காட்ட வேண்டும். பிள்ளையாருக்குச் சிவப்பு, பெயர்களுக்குத் தங்கம். சூடு கூடினால் அட்டை பழுப்பேறும். குறைந்தால் எழுத்து மணல் மணலாக நிற்கும். யாராவது கேட்டால் 'பிரஸ்ஸில் வேலை' என்பேன். நிருபர் என்று நினைத்துக்கொண்டவர்களை நான் திருத்தியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊத்துக்கோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் தயாளன், கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை. காபி கொடுத்தபோது என் நகக்கண்ணைப் பார்த்து, "இன்னா கையெல்லாம் மின்னுது?" என்றார். பவுடர் என்றேன். "நல்லாத்தான் கீது," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் விழுந்துவிட்டேன், போங்கள்.

கிளம்பும்போது அவர் அப்பா, "ஊட்டுக்குப் போயி லெட்டர் போடறோம்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்க அப்பிடிப்பட்டவங்க இல்லடி. ரெண்டாந்தபா கேசரி கேட்டு வாங்கித் துன்னாங்களே," என்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றுகொள்வாள். வேலையிலிருந்து திரும்பியதும் நான் அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் வழக்கம்போல அட்டையை ஹீட்டர் மேல் பிடித்திருந்தேன். நாங்கள் பத்திரிகைகளைப் படிப்பதே இல்லை. எல்லாம் ஒரே வாசகம்தானே. ஆனால் உருகும்போது எழுத்தைப் பார்த்தாக வேண்டும். தயாளன் என்று எழும்பியது. கீழே அவர் அப்பா பெயர், ஊத்துக்கோட்டை, அதே கம்பெனி. பக்கத்தில் வேறொரு பெண்ணின் பெயரும் பளபளவென்று எழும்பி வந்தது.

"இன்னாம்மா, கை நின்னு போச்சு? மை காயுது பாரு," என்றார் கோதண்டண்ணன்.

என் கையிலிருந்த அட்டை பழுப்பேறிவிட்டது. மீதி முந்நூறையும் ஒன்றுகூடக் கெடாமல் முடித்தேன். அழக்கூட நேரமில்லை. மை காத்திருக்காது.

பழுப்பேறிய அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஏன் எடுத்துப் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மா வாங்கி எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள்.

"நீ பண்ணதா? நல்லா மேடாக் கீதுடி. யார் ஊட்டுக் கல்யாணம்?"

"ஊத்துக்கோட்டைக்காரங்க."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. தயாளன் ஊட்டுல இன்னா முடிவு பண்ணாங்கன்னு விசாரிக்கச் சொல்லேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "அவருதாம்மா மாப்ள," என்றேன்.

அம்மா அட்டையைத் தரையில் வைத்தாள். விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "கைய கழுவிக்கினு வா, சோறு போடறேன்," என்றாள். அதற்கப்புறம் தபால்காரர் வரும் நேரத்தில் அவள் வாசல் பக்கம் போனதே இல்லை.

பிறகு ஆரணியில் எனக்குக் கல்யாணமானது. நல்ல மனிதர்தான். பத்திரிகைக்கு அம்மா போட்ட ஒரே நிபந்தனை, "மேடா வேணாம்." வெறும் மஞ்சள் தாளில் அச்சடித்தோம்.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கோதண்டண்ணன் போய்விட்டார். அம்மா போயும் வெகுகாலமாகிறது. இந்த வயதிலும் எனக்கு ஏமாற்றங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எனக்கு முன்னால் வாசலில் போய் நின்று ஏமாறுவதற்குத்தான் யாருமில்லை.