கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சுரங்கத்தில் வெடி வைக்கும்போது ஜன்னல் கதவுகள் கடகடவென்று ஆடும். அப்போது ஷோகேஸுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, அவர் எட்டி அதன் கண்ணாடியில் ஒரு கையை வைத்துக்கொள்வார். பேச்சு நிற்காது. வலது கையில் சோறு ஒட்டியிருந்தால் இடது கை போகும். ஆட்டம் அடங்கினதும் கையை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசுவார். பயப்பட அதில் ஒன்றும் இல்லை. மேலே மண் இருக்கிறது, கீழே கரி இருக்கிறது. உடைத்தால்தானே எடுக்க முடியும்.

வெண்மதி அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள். அவள் அப்பா சங்கரலிங்கம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பெரிய சக்கரத்தில் வாளி வாளியாகக் கோத்து மண் வெட்டும் இயந்திரத்தை ஓட்டியவர். கொடுத்த குவார்ட்டர்ஸ், கொடுத்த கரண்ட், கொடுத்த தண்ணீர் என்று அவள் வளர்ந்தாள். குழாய் ஒழுகினால் மெயின்டெனன்ஸ் ஆபீஸில் எழுதிப் போட வேண்டியது, ஆள் வந்து பார்ப்பான். வீட்டு வாடகை என்று ஒன்று உண்டு என்பதையே கல்லூரித் தோழிகள் சொல்லித்தான் கேட்டாள்.

அவள் கட்டிக்கொண்ட ஜெயகணேஷ் கம்மாபுரத்துக்கு அருகே ஒரு கிராமத்துக்காரன். சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம். கரி ஓடும் பெல்ட் அறுந்தால் சூடு வைத்து ஒட்டுகிற வேலை அவனுக்கு, அதுவும் காண்ட்ராக்டில். "பெர்மனன்ட் ஆவட்டும், பேசுவோம்" என்று சங்கரலிங்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணம் நடந்தது, அருள்மொழி பிறந்தாள், அவள் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்தாள். பெர்மனன்ட் மட்டும் ஆகவில்லை. கடைசியில் அவன் கத்தாருக்குப் போனான். அங்கே துறைமுகத்தில் கப்பலிலிருந்து கல் இறக்கும் பெல்ட்டுகளை ஒட்ட ஆள் தேவைப்பட்டது. அதற்குள் சங்கரலிங்கம் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தார். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். குடும்ப விசா கிடைத்ததும் வெண்மதி மகளைக் கூட்டிக்கொண்டு தோஹாவுக்குக் கிளம்பினாள்.

நஜ்மா பகுதியில் பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடி. முதல் வாரமே தண்ணீர் நின்றுபோனது.

"கம்ப்ளெயின்ட் எங்க எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டாள் வெண்மதி.

"யாருக்கு எழுதுவ? வூட்டுக்காரன் கையில நான் பேசிக்கினுதான் இருக்கேன்" என்றான் ஜெயகணேஷ்.

"மெயின்டெனன்ஸ் ஆபீஸ் இல்லையா?"

"தோ பாரு. டவுன்ஷிப்பு பொண்ண கட்டாதடான்னு எங்க அம்மா அப்பவே சொல்லுச்சி."

எதிர் வீட்டில் புஷ்பவல்லி இருந்தாள். கும்பகோணத்துக்காரி, பத்து வருஷமாக அந்த ஊரில் இருப்பவள். எந்தக் கடையில் முருங்கைக்காய் நன்றாக இருக்கும், பால்கனியில் ஏன் துணி காயப்போடக் கூடாது, வெள்ளிக்கிழமை காலையில் ஏன் எந்தக் கடைக்கும் போகக் கூடாது என்பதெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது. மத்தியானம் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும் என்று எச்சரித்தபோது வெண்மதி, "எங்க ஊர்லயும் போர்த் தண்ணி சூடாத்தான் வரும்க்கா" என்றாள்.

"உங்க ஊர்ல இல்லாதது ஏதாவது இருந்தா சொல்லும்மா. அதையாவது நான் காட்டறேன்."

அப்படித்தான் மெல்ல மெல்ல அது அவர்கள் வீடாகியது. அருள்மொழிக்குப் பள்ளியில் இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். பழைய சாமான் விற்றுவிட்டு ஊருக்குப் போன ஒரு குடும்பத்திடமிருந்து ஜெயகணேஷ் ஒரு கண்ணாடி ஷோகேஸ் வாங்கி வந்தான். அதில் மகளின் பாட்டுப் போட்டிக் கோப்பையை வைத்தார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை. ஜெயகணேஷ் வேலையில் இருந்தான். வெண்மதி துணி மடித்துக்கொண்டிருந்தாள், அருள்மொழி தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சத்தம். ஜன்னல் கடகடவென்று ஆடியது. வெண்மதி எழுந்துபோய் ஷோகேஸ் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, என்னது அது?"

"மைன்ஸ்ல வெடி வைக்கிறாங்க. ஒன்னும் இல்ல, நீ எழுது."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. எந்த ஊரில் நிற்கிறோம் என்ற நினைப்பே அந்த நொடியில் அவளுக்கு இல்லை. அடுத்தடுத்து இன்னும் சத்தங்கள் வந்தன. "இன்னைக்குப் பெரிசா வைக்கிறாங்க போல" என்றாள். அருள்மொழி குனிந்து எழுதத் தொடங்கினாள். அம்மா சொன்ன பிறகு அவளுக்கு என்ன.

கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். திறந்தால் புஷ்பவல்லி, செருப்புகூட இல்லாமல்.

"உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருக்கே? புள்ளையத் தூக்கு. கீழ வா."

படிக்கட்டு முழுக்க ஜனம். கீழே கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானத்தில் நெருப்புக் கோடுகள் ஏறுவதும் வெடிப்பதும் ஒவ்வொரு போனிலும் ஓடியது. பக்கத்து நாட்டிலிருந்து இங்குள்ள ராணுவத் தளத்தை நோக்கி ஏவுகணைகள் வருகின்றன, நடுவானில் தடுத்து வெடிக்க வைக்கிறார்கள் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அருள்மொழி குதிகாலை உயர்த்தி யாருடைய போனையோ பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமா மேல இருந்தே, சத்தம் கேக்கலையா?" என்றாள் புஷ்பவல்லி.

"கேட்டுச்சு. ஷோகேஸ் ஆடிச்சுக்கா. கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பயத்தில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும். மறுநாள் அது கட்டடம் முழுக்கப் பரவி, லிப்டில் பார்ப்பவர்கள் எல்லாம் "என்ன நெய்வேலி, கண்ணாடி பத்திரமா?" என்று கேட்டார்கள். வெண்மதியும் கூடச் சிரித்துவைத்தாள். அருள்மொழி சிரிக்கவில்லை.

அதன்பிறகு அந்த மாதிரி சத்தம் வரவில்லை. ஆனால் வீட்டுக்குள் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. குக்கர் விசில் அடித்தால் அருள்மொழி, "இது என்ன?" என்பாள். "குக்கர்" என்று சொன்னால் அடுக்களைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மேல்மாடியில் நாற்காலி நகர்த்தும் சத்தம் என்றால் படியேறிப் போய்க் கேட்டுவிட்டு வருவாள். ஒருநாள் எதிர் வீட்டு வாசலில் நின்று அவள் கேட்பது வெண்மதியின் காதில் விழுந்தது: "ஆன்ட்டி, இன்னைக்கு வியாழக்கிழமையா? அம்மா அப்படித்தான் சொன்னாங்க."

வெண்மதி கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். ஏவுகணைக்குக்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஜூலையில் அம்மாவும் மகளும் மட்டும் மந்தாரக்குப்பம் வந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது. வந்த மூன்றாம் நாள், சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். ஓட்டு வீடு அதிர்ந்தது. அருள்மொழி எழுந்து தெருவுக்கு ஓடினாள். வெயிலில் வெறுங்காலோடு நின்றவளை வெண்மதி பிடித்து நிறுத்தினாள்.

"ஒன்னும் இல்லடா. மைன்ஸ் வெடி."

"அங்கயும் அப்படித்தான் சொன்ன."

"இது நெஜமாவே மைன்ஸ் வெடி. யார வேணா கேளு."

"நீ சொல்லாத" என்றாள் அருள்மொழி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். மெதுவாக, அம்மாவுக்கு வலிக்கக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

சங்கரலிங்கத்துக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ஏட்டி, நீ தொட்டில்ல கெடக்கையில இதவிடப் பெரிய வெடியெல்லாம் வச்சிருக்கோம். ஒருநாளும் முழிச்சது கிடையாது. நாளைக்கு உன்ன நான் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வாரேன், சரியாப் போயிரும்" என்றார். மறுநாள் பேத்தியை ஸ்கூட்டரில் உட்கார வைத்து அழைத்துப் போனார். சுரங்கத்துக்குள் வெளியாட்களை விடுவார்களா? சாலையிலிருந்து தெரியும் மண்மேட்டைக் காட்டி, அதன் வரலாற்றையும் சொல்லி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார்.

"என்ன பாத்தே?" என்றாள் வெண்மதி.

"மண்ணு. வெடிய தாத்தா காட்டல."

ஒருநாள் விட்டு ஒருநாள் வெடி வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் தெருவுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அது பழகிப்போய், "தோ, துபாய் பொண்ணு ஓடிவருது" என்று வாசலில் நாற்காலி போட்டு வைத்தார்கள். கத்தார் என்று வெண்மதி திருத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது ஜெயகணேஷ் வீடியோவில் வந்தான். மகளுக்கென்று புதிதாக வாங்கிப் போட்ட கட்டிலை போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். ஊதா நிறப் போர்வை.

"அப்பா, நாங்க வந்தா மறுபடி அந்தச் சத்தம் வருமா?" என்றாள் அருள்மொழி.

"வராதுடா கண்ணு. எல்லாம் முடிஞ்சிபோச்சி."

அவள் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, நகராமல் முகத்தையே பார்த்தாள். "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டி கட்டலாம், விமானம் ஏறலாம். வாய்வரைக்கும் வந்ததை வெண்மதி விழுங்கினாள்.

"வரலாம், வராமலும் போகலாம்" என்றாள். "எனக்குத் தெரியாது. அன்னைக்கும் எனக்குத் தெரியல. தெரியாமயே தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"அப்ப இல்ல. கீழ வந்து பாத்தப்புறம்தான் வந்துச்சு. இப்பவும் அங்க போறத நெனச்சா பயமாத்தான் இருக்கு."

"அப்ப நான் வரல" என்று சொல்லிவிட்டு அருள்மொழி உள்ளே போனாள்.

போனில் ஜெயகணேஷ் அப்படியே இருந்தான். "சின்னப் புள்ள கையில போயி ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்றதுங்க? வராதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து, வந்துட்டா?"

"நான் எதுக்கு இங்க கெடக்கறன்? ஊர்ல நெலமும் இல்ல, வேலையும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் இருந்தாதான் இது வூடு. இல்லன்னா எல்லாரும் மாதிரி நானும் படுத்து எழுந்து போற எடம்."

அவன் முகத்துக்குப் பின்னால் ஊதாப் போர்வை தெரிந்துகொண்டிருந்தது. வெண்மதி அழாமல் பேசினாள். இந்த வருஷம் இங்கே படிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். அவன் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

சங்கரலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெளியறையில் உட்கார்ந்திருந்தார். "ஒரு பொய்யச் சொன்னாத்தான் என்னட்டி? பிள்ளைய வளக்கதே பாதி பொய்யிலதான்."

"என் பங்குப் பொய்ய நான் சொல்லி முடிச்சிட்டேன்பா" என்றாள் வெண்மதி.

மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளியில் இடம் கேட்கப் போனாள். ஆட்டோவில் அருள்மொழி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைத்தெரு தாண்டியதும் கேட்டாள்.

"அம்மா, இனிமே அப்பா மட்டும்தான் அங்க இருப்பாரா?"

"ஆமா."

"சத்தம் வந்தா அவருக்கு யாரு சொல்லுவா?"

"அவரு பெரியவரு. அவருக்கே தெரியும்."

"நீயும் பெரியவதான். உனக்குத் தெரியலையே. அப்பாவும் நம்ம ஊருதான? அவரும் மைன்ஸ் வெடின்னு நெனச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு."

வெண்மதி நினைத்துப் பார்க்காத இடம் அது. காலி வீட்டில், ஷிப்ட் முடிந்து வந்து அசந்து கிடக்கும் ஒருவன், கடகடவென்று ஆடும் ஜன்னல், புரண்டு படுத்துக்கொள்வான். அவனும் அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன்தான்.

"அப்ப என்ன பண்ணலாம்?" என்றாள். மகளிடம் உண்மையாகவே கேட்டாள்.

"போன் போடு."

பள்ளி வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, அதிலிருந்தபடியே போட்டாள். எடுத்தபோது பின்னால் பெல்ட் ஓடும் இரைச்சல். "என்ன? என்ன ஆச்சி?" என்றான் ஜெயகணேஷ். அருள்மொழி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, அங்க சத்தம் வந்தா அது மைன்ஸ் இல்ல. கீழ எறங்கிடணும். புஷ்பா ஆன்ட்டி கதவத் தட்டறவரைக்கும் இருக்கக் கூடாது."

அவன் அங்கிருந்து எங்கோ தள்ளிப் போயிருக்க வேண்டும். மெல்ல மெல்ல இரைச்சல் குறைந்தது.

"எறங்கிடறன்டா."

"தூங்கிக்கிட்டு இருந்தாலும்?"

"தூங்கிகினு இருந்தாலும் எழுந்து ஓடியாந்துடறன்."

அருள்மொழி போனின் வாய்ப் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"அப்பா நெஜமா சொல்றாராம்மா?"

ஜூனுக்குப் பிறகு அவள் அம்மாவிடம் கேட்டு, அம்மா சொல்வதற்காகக் காத்திருந்தது அன்றைக்குத்தான். பெல்ட் இரைச்சலை விட்டு அவன் தள்ளிப் போய்ப் பேசியதை வெண்மதி நினைத்துப் பார்த்தாள்.

"ஆமா, நெஜமாத்தான் சொல்றாரு" என்றாள்.

அருள்மொழி தலையாட்டினாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கினாள். ஜெயகணேஷ் இன்னும் வைக்கவில்லை. "உள்ள போறீங்களா?" என்று கேட்டான்.

"போறோம்ங்க" என்றாள் வெண்மதி. "சீட்டு கெடைச்சா சொல்றேன்."