முதல் தடவையிலேயே தேறியவர்

என் பெண்டாட்டி செந்தாமரை பேரைச் சொல்லித்தான் எங்கள் மலையில் பாதிப் பிள்ளைகள் திட்டு வாங்குகின்றன. "நர்சம்மாவப் பாரு, அவங்களும் இதே களியத் தின்னுதான் வளந்தாங்க" என்று ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் என்ன உற்சவர் சிலையா, ஊர் ஊராகத் தூக்கிப்போய்க் காட்ட?

அவள் கிராம சுகாதார செவிலியர். ஜவ்வாது மலையில் எட்டு ஊர் அவள் பொறுப்பு. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால், ஜீப் போகிற மட்டும் நான் கொண்டுவிடுவேன். அப்புறம் நடைதான். முப்பத்தேழு வயதுக்கே முழங்கால் தேய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். "நீங்க வந்து நாலு வார்த்த பேசினாத்தாங்க பசங்களுக்கு ஏறும்." அலுத்துக்கொண்டே போவாள்.

வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆரம்பித்தது இது. எங்கள் ஊரில் பிளஸ் டூ தேறிய முதல் பெண் என்று கூப்பிட்டிருந்தார்கள். அறிமுகம் செய்த வாத்தியார் ஒரு வேகத்தில், "முதல் தடவையிலேயே தேறியவர்" என்று தானாகச் சேர்த்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டின தட்டில் அவள் திருத்தவில்லை. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினேன், வெட்கங்கெட்டவன். அடுத்த வருடம் அவளே அதைச் சொன்னாள். அப்புறம் வருடா வருடம் சொன்னாள்.

உண்மை எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நான் மலையடிவாரத்தில், சந்தவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். கம்ப்யூட்டரில் ரிசல்ட் பார்த்துச் சொல்வதும் என் வேலை. கெமிஸ்ட்ரியில் பெயில் என்று அவளிடம் சொன்னவன் நான். மறுபடி எழுதினாள், மறுபடி பெயில் என்று சொன்னவனும் நான். அப்பனிடம் நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டதாகப் புளுகிவிட்டு, ஒரு துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டே படித்து, மூன்றாவது தடவைதான் தேறினாள்.

இந்த மே மாதம் அவள் போகிற ஊர் ஒன்றில் மாதையன் என்பவரின் மகள் கீதாஞ்சலிக்கும் பிளஸ் டூவில் அதே கெமிஸ்ட்ரி போய்விட்டது. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசி. மாதையனோ மகளைத் திருப்பூர் மில்லுக்கு அனுப்ப ஆள் பேசிவிட்டார். அன்றைக்கு ஐந்து ஊர் நடந்திருந்த செந்தாமரை, செய்தி கேட்டதும் ஜீப்பில் ஏறி, "மாதையன் வூட்டுக்கு வுடுங்க" என்றாள்.

"காலைல போலாமே. உன் காலப் பாரு, வீங்கிக் கெடக்குது."

"காலைல மில்லு வேன் வந்துடும்."

மாதையன் வீட்டு வாசலெல்லாம் புளி குவிந்திருந்தது. மருமகள் சசிகலா மடியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். கீதாஞ்சலி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"எழுத வுடுங்கண்ணா, தேறிடுவா" என்றாள் செந்தாமரை.

மாதையன் தலையாட்டினார். "வாணாங்க நர்சம்மா. நீங்க மொத தடவையிலயே தேறினவங்க, உங்க மூள வேற. இதுக்கு ஏறல, வுடுங்க."

உள்ளேயிருந்து கீதாஞ்சலி சொன்னாள்: "நானே வாணாம்னுட்டேன்க்கா. உங்கள மாதிரி ஆவறவளா இருந்தா மொதல்லயே பாஸாயிருப்பேன்."

செந்தாமரை பெட்டியைக் கீழே வைத்தாள். "நான் ரெண்டு தடவ பெயிலு."

மாதையன் சிரித்துவிட்டார். "பொண்ணுக்கோசரம் இப்பிடியா புளுகுவீங்க? இன்னா ஆனந்தா, நெசமா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"நெசந்தாண்ணா. ரெண்டு தடவையும் ரிசல்ட் பாத்துச் சொன்னவன் நானு. இதே கெமிஸ்ட்ரிதான்."

கீதாஞ்சலி வெளியே வந்தாள். அழுது அழுது முகம் உப்பியிருந்தது. "எத்தினி மார்க்குக்கா?"

"எரநூத்துக்கு நாப்பத்தொம்போது. அடுத்த தடவ அறுவத்திரெண்டு."

அந்தப் பெண்ணுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாதையன் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில், "ஒரு தடவதான், சொல்லிட்டேன்" என்றார். அவள் சர்டிபிகேட் எடுக்க உள்ளே ஓடினாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அப்போதுதான் சசிகலா கொட்டை தட்டுவதை நிறுத்தினாள்.

"எனக்கும் ஒரு பாடந்தானக்கா போச்சு? நாலு வருஷத்துக்கு முந்தி உங்க வூட்டாண்ட வந்து நின்னேனே. 'நான்லாம் மொத தடவையிலயே தேறல? நீ ஏன் ஒழுங்கா படிக்கல?'ன்னு கேட்டீங்க. அதோட நோட்டெல்லாம் அடுப்புல போட்டுட்டேன். இன்னிக்கு இவளுக்குச் சொன்னத அன்னிக்கு எனக்கு ஏன்க்கா சொல்லல?"

குரலில் கோபம்கூட இல்லை. கேட்டுவிட்டு மடியிலிருந்த பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள். செந்தாமரை குனிந்து பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டினாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜீப் இறக்கத்தில் பாதி வழி வந்திருந்தது. நான்தான் மெதுவாக, "சசிகலாவையும் எழுதச் சொல்லலாமே" என்றேன்.

"கெளம்பறப்ப கேட்டேன். ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு எப்பக்கா படிக்கறதுன்னா."

நான் கியரை மாற்றினேன்.

"ரெண்டே மார்க்குதாங்க கொறைஞ்சுது அவளுக்கு" என்றாள். "ரிசல்ட் தாள என் கையிலதான் குடுத்தா. பாத்துட்டுத்தான் அன்னிக்கு அப்பிடிக் கேட்டேன்."