செல்லியம்மாள் வாங்கிய டப்பா

வெள்ளிமலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே ஜீப் ஓட்டிய பெண் அந்த வருஷங்களில் செல்லியம்மாள் ஒருத்திதான். கல்யாணமான புதிதில் புருஷன் பொன்னுரங்கத்தோடு மிளகு பறிக்கக் கேரளா போனவள். எஸ்டேட்டில் மூட்டை ஏற்றும் ஜீப்பை மேட்டில் ஏற்றி இறக்க ஆள் தேவைப்பட்டது. பொன்னுரங்கத்துக்கு ஸ்டீயரிங்கைத் தொடவே பயம். அவள் துணிந்து உட்கார்ந்தாள். சில பருவங்கள் கழித்து ஊர் திரும்பியபோது லைசென்ஸும் இருந்தது, ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கும் தைரியமும் இருந்தது. அவன் சாமையும் மரவள்ளியும் போட்டான். அவள் மலைக்கும் கீழுக்குமாக ஆள் ஏற்றினாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு அதே வண்டிக்குக் காத்து நின்றார்கள்.

வண்டி சில வருஷம் சொன்னபடி கேட்டது. அப்புறம் ஏற்றத்தில் நீலப் புகை விடத் தொடங்கியது. எஞ்சின் ஆயில் அடிக்கடி குறைந்தது. வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டினாள்.

ஒரு சந்தை நாள். வண்டி நிறைய ஜனத்தோடு மலையேறிக்கொண்டிருந்தாள். வாராவாரம் சந்தைக்கு அவள் வண்டியிலேயே வரும் ஆயம்மாள், தன் ஊருக்குப் பாதை பிரிகிற வளைவில் இறங்கவேண்டும் என்றாள். செல்லியம்மாள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் அடங்கவில்லை. மேலும் மேலும் ஏறி அலறியது. சாவியைத் திருப்பினாள், நிற்கவில்லை. பின்னால் புகை வெள்ளையாகப் பொங்கி ரோட்டையே மறைத்தது.

"எல்லாரும் எறங்குங்க! எறங்குங்க!" என்று கத்தினாள்.

ஜனம் விழுந்தடித்துக் குதித்தது. அவள் மட்டும் இறங்கவில்லை. டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு கிளட்சைச் சட்டென்று விட்டாள். வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது. எஞ்சின் திணறி நின்றது. அதன் பிறகுதான் அவள் கீழே இறங்கினாள்.

யாருக்கும் அடியில்லை. ஆனால் ஆயம்மாள் தக்காளிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "உம்மேல ஒன்னும் இல்ல செல்லி. இனிமே நான் பஸ்லயே வந்துக்கறேன்."

திட்டியிருந்தால்கூடச் செல்லியம்மாள் தாங்கியிருப்பாள்.

கள்ளக்குறிச்சியில் மெக்கானிக் கந்தசாமி பானட்டைத் தூக்கி, எஞ்சினிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஆயில் சொட்டச் சொட்ட ஊறியிருந்தது.

"எஞ்சின் மூச்சு விடுற வழி இது. மூச்சோட ஆயிலும் போவுது. அதையே இழுத்து எரிச்சிக்கினு ஓடியிருக்கு. சாவி டீசலத்தான் நிறுத்தும், இத எப்படி நிறுத்தும்?"

"இப்ப இன்னா பண்றதுண்ணா?"

"நடுவுல ஒரு கேட்ச் கேன் போட்டா, ஆயில் அதுல தங்கிடும், காத்து மட்டும் போவும். ஆனா மார்க்கெட்ல நல்லதும் கெடைக்குது, சும்மா பேருக்கும் கெடைக்குது. பாத்து வாங்கு. உள்ள இன்னா இருக்குன்னு பாரு."

சின்னசேலம் போய் சேலம் பஸ் பிடித்தாள். உதிரிபாகக் கடைக்காரர் பளபளவென்று சிவப்பு டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். "இதுதாங்க ஜாஸ்தி போகுது. வண்டிக்கும் எடுப்பா இருக்கும்."

மூடியைத் திருகிப் பார்த்தாள். உள்ளே வெறும் டம்ளர் மாதிரி இருந்தது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விட்டால் ஆயில் எதில் ஒட்டும்? அவள் கேட்டதும் கடைக்காரரும் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்து, "நியாயமான கேள்விதாங்க" என்று உள்ளே போய் இன்னும் இரண்டு கொண்டுவந்தார். இரண்டிலும் தடுப்புத் தகடும் கம்பிச் சல்லடையும் இருந்தன. ஒன்றின் அடியில் விரலால் தட்டினாலே திறக்கும் குழாய்.

"மலை ரோட்டுல குலுங்கினா இது தானா தொறந்துக்காதுங்களா?"

"கார்ல போறவங்க யாரும் இப்படிக் கேட்டதில்லீங்க" என்றவர், மற்றதைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஸ்பேனர் போட்டுக் கழற்றும் மரையாணி. கறுப்பு நிறம், அழகில்லை, கனம் இருந்தது. பக்கவாட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கண்ணாடி. அதையே எடுத்துக்கொண்டாள். கூட வந்த ரப்பர் ஓஸ் குழாயை விரலால் நசுக்கினால் ஒட்டிக்கொண்டது. தடித்த ஆயில் ஓஸாகத் தனியே வாங்கினாள்.

கந்தசாமி அதைச் சூடு படாத பக்கமாக, ஆடாமல், பாடியில் இறுக்கி மாட்டினார். புகை கம்மியானது. செல்லியம்மாளுக்கு மூச்சு வந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. கண்ணாடியில் ஆயில் பாதிக்கு மேல் நின்றது. வடித்துவிட்டு ஓட்டினாள். மறுபடி ஏறியது. இதுவரை புகையாகப் போனது இப்போது கண் முன்னால் கறுப்பாக நின்றது. டப்பா அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இவ்வளவு ஏன் வருகிறது என்பதற்கு டப்பாவிடம் வைத்தியம் இல்லை.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு, அதான் இவ்ளோ ஆயில் மேல வருது" என்றார் கந்தசாமி. "எஞ்சின எறக்கணும். அடிக்கடி வடிச்சிக்கினு கொஞ்ச நாள் ஓட்டலாம். ஒரு நாள் நீ மறந்தீன்னா, டப்பா ரொம்பி மறுபடியும் அன்னிக்கி மாதிரிதான்."

தைப்பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்தில் ஜனம் அதிகம் ஏறும் சமயம். அன்று பொன்னுரங்கத்திடம் சொன்னாள்.

"பொங்கல் முடிஞ்சி எறக்கினா இன்னா?" என்று கேட்டான் அவன்.

"அதான் நானும் நெனச்சேன். முன்னாடின்னா எனக்குத் தெரியாது, ஓட்டினேன். இப்ப தெரிஞ்சிகினு எப்படி ஏத்துறது?"

அவன் மண்வெட்டியை எடுத்து வாசலில் வைத்தான். பிறகு, "அப்ப வுடு. மரவள்ளிக்கு ரெண்டு பேரும் எறங்குவோம்" என்றான்.

அந்தப் பொங்கலுக்கு ஜீப் கள்ளக்குறிச்சிப் பட்டறையில் எஞ்சின் இல்லாமல் நின்றது. செல்லியம்மாள் கொல்லையில் கிழங்கு பிடுங்கினாள். ஜனம் நிரம்பிய பஸ் கீழே வளைவில் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். வருத்தம் இருந்தது, சந்தேகம் இல்லை.

எஞ்சின் சரியாகி, மாசியில் வண்டி மலையேறியது. முதல் சில நாள் பாதி வண்டிதான் நிறைந்தது. போகப் போக ஆட்கள் திரும்பினார்கள். ஆயம்மாள் கடைசிவரை பஸ்ஸில்தான் போனாள். சந்தையில் பார்த்தால் இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டார்கள். வண்டி பற்றிப் பேசுவதில்லை. செல்லியம்மாள் அவளைக் கூப்பிடவும் இல்லை, குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. பயந்தவளுக்குப் பயப்பட உரிமை இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.