காதில் தேடிய வலி

என் கணவருக்கு துபாயில் வேலை. நான் மகளோடு காயல்பட்டினத்தில் இருக்கிறேன். பல மாதங்களாகக் காலையில் எழுந்தாலே காதோரமும் நெற்றிப்பொட்டும் வலிக்கும். சொட்டு மருந்து விட்டேன். மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். தூத்துக்குடிக்கு பஸ் ஏறி காது டாக்டரைப் பார்த்தேன், ஸ்கேனும் எடுத்தாயிற்று. "காதுல ஒண்ணுமில்லம்மா" என்று அனுப்பிவிட்டார். எரிச்சல்தான் மிஞ்சியது.

விடுமுறையில் வந்த கணவர் மறுநாள் காலை, "ராத்திரி பூரா நறநறன்னு பல்லக் கடிச்சியே, யாரு மேல அவ்வளவு கோவம்?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் என்ன சின்னப்புள்ளையா?" என்று சண்டை போட்டேன். அன்று ராத்திரி செல்போனில் பதிவு செய்து, அடுத்த நாள் போட்டுக் காட்டினார். எனக்கே பல் கூசியது.

கடைவாய்ப் பற்கள் தேய்ந்துவிட்டன, தாடை இறுகித்தான் வலி காதுக்கு ஏறுகிறது என்றார் பல் டாக்டர். அளவெடுத்து, ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து தந்தார். அதை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். வலி குறைந்திருக்கிறது. பக்கத்தில் படுக்க ஆள் இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும் என்று நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

கணவர் திரும்பிப் போய்விட்டார். இப்போது மகளைப் பக்கத்தில் படுக்க வைத்து, காலையில் "சத்தம் கேட்டுச்சா?" என்று விசாரிக்கிறேன்.

நேற்று, "பல்லு சத்தம் இல்ல உம்மா, கொறட்டைதான் விட்டிய" என்றாள்.