மிளகாய் வராத காலத்துச் சாப்பாடு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பிறகு படிக்கலாம். அக்கா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அக்கா பிறந்தது செட்டிகுளத்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா களையெடுக்கப் போக, அடுப்படியை ஏற்றுக்கொண்டு தங்கையாகிய என்னையும் தம்பியையும் வளர்த்தவர் அக்காதான். வாழ்க்கைப்பட்டது ஆண்டிமடத்தில், முந்திரிக்கொல்லை வைத்திருக்கும் குடும்பத்தில். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தார். ஒரு பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தால் காரணம் கேட்காமல் விடமாட்டார். கோபமும் அதிகம், இரக்கமும் அதிகம்.

ஓய்வு பெற்ற பிறகாவது வீட்டில் சும்மா இருப்பார் என்று நினைத்தோம். நடக்கிற காரியமா அது? கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, போட்டோ எடுத்து, கலர் குடித்துவிட்டு பஸ் ஏறுவது அவருக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு பாத்தா மட்டும் போதுமாடி? மூக்கும் நாக்கும் பாக்க வேணாமா?" என்று என்னிடம் கேட்டார். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, சோழர் காலச் சாப்பாடு போடத் தொடங்கினார்.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் கப்பலேறி நம் ஊருக்கு வந்தது பல நூறு வருஷம் கழித்துத்தான். அதனால் அவர் சமையலில் அவற்றுக்கு இடமில்லை. முந்திரியும் அப்படி வந்ததுதான் என்று அதையும் ஒதுக்கினார். முந்திரிக்கொல்லைக்காரரான அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமாவுக்கு, ரோஷம் வந்துவிட்டது. முந்திரி போடாத பொங்கலைத் தொடமாட்டேன் என்று மோர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வருகிறவர்களுக்கு அக்கா உடனே இலை போடமாட்டார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே அம்மியில் மிளகும் சீரகமும் தட்டுவார். பசுநெய் உருகும். அந்த வாசனை மூக்கில் ஏறிய பிறகு, இந்தக் கோயிலுக்குக் கல் தூக்கியவர்களும் பசியோடு இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்பார். கண் கலங்கிச் சாப்பிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு அது போதவில்லை. வெளியூர்க்காரர்கள் மெச்சியது இருக்கட்டும், நம் சொந்தபந்தம் இதை நம்முடையது என்று சாப்பிட வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அழைத்தார். எல்லாம் நாட்டுக்காய் என்ற உற்சாகத்தில் பாகற்காய், அகத்திக்கீரை, வாழைக்காய் மூன்றையும் ஒரே இலையில் வைத்துவிட்டார். நம் பக்கத்தில் அந்த மூன்றும் சேர்ந்து வருவது பதினாறாம் நாள் காரியத்து இலையில்தான். சித்தி பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஏண்டி, இங்க யாருக்குக் கருமாதி?" என்றார். அவ்வளவுதான், பந்தியே எழுந்துவிட்டது. ஊருக்கே ஆக்கிப் போட்ட அக்கா அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்குச் சித்தி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு சித்திக்கு வயிற்றுப்புண் வந்தது. மிளகாயைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் அக்காவிடம் வந்து உட்கார்ந்தார். அக்கா பழசை எடுக்கவில்லை. மிளகையும் குறைத்து, பாசிப்பருப்பும் சீரகக் குழம்பும் போட்டார். சித்தி சாப்பிட்டுப் போனார், மறுநாளும் வந்தார். வயிறு ஆறிய பிறகும் வரத்து நிற்கவில்லை. கடைசியில் தன் பேரன் காதுகுத்துக்கு, "அந்த மூணு காய மட்டும் ஒண்ணா வச்சுடாத. மத்தது உன் இஷ்டம், நீதான் ஆக்கிப் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பந்தியில் மிளகாயைத் தேடியவர்கள் உண்டு, எழுந்து போனவர்கள் ஒருவரும் இல்லை. மாமாவே பொங்கலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

கடைசி மாதங்களில் அக்காவுக்கு நாக்கில் ருசி போய்விட்டது. வாசனை மட்டும் தெரிந்தது. மருமகள் நெய் உருக்கினால் படுக்கையிலிருந்தே, "போதும், இறக்கு" என்று குரல் கொடுப்பார். பதம் தப்பியதே இல்லை. நிம்மதியாகத்தான் போனார்.

அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வண்டி எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும், தினமும் வந்து பேச்சுத் துணையாக இருந்த சித்திக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். சமீபத்தில் திருமானூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பரிமாறியவர் எங்கள் குடும்பத்தை அறியாதவர். இலையில் மிளகுக் குழம்பை ஊற்றிவிட்டு, "சாப்ட்டுப் பாருங்க, மொளகாயே போடாதது. எங்க பக்கம் விசேஷம்னா காலங்காலமா இப்படித்தாங்க" என்றார். அக்கா பேர் எனக்குத் தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். பேர் தெரியாத அவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.