ஊரைக் கொளுத்தியவர்கள் அச்சடித்த தாள்

சூசைக்குட்டி, அம்மாவைக் கூட்டிப்போகிறேன் என்று நீ சொன்ன கோர்ஃபக்கானுக்கு நானே போய்விட்டு வந்தேன். துபாய் ஜெபல் அலி குடோனில் நீ விழுந்து இறந்து, வருகிற மாதம் ஒரு வருடம். ஷார்ஜாவில் நர்ஸாக இருக்கும் உன் அக்கா மேரியிடம்தான் வந்திருக்கிறேன். அவளுக்குச் சனிக்கிழமை லீவு கிடைத்தது. கிளம்பிவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஷார்ஜாவிலிருந்து நூறு கிலோமீட்டர் இருக்கும். நாங்கள் காலை எட்டு மணி பஸ்ஸில் போனோம். மலையைக் குடைந்து ரோடு போட்டிருக்கிறார்கள். மலை முடிந்ததும் கடல். நம்மூர்க் கடல்போல இரைச்சல் இல்லை.

கடற்கரைப் பக்கம் ஒரு சின்னக் கண்காட்சி, டிக்கெட் ஐந்து திர்ஹாம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய அச்சுத்தாள். ஐநூறு வருடம் முன்னால் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இந்தக் கரை ஊர்களைக் கொளுத்தினார்களாம். அதைப் படம் போட்டு அச்சடித்துத் தங்கள் நாட்டில் ஊரூராய் விற்றிருக்கிறார்கள். கீழே எரிகிற ஊர், மேலே மேகத்தில் மாதா. கடவுள் சித்தப்படி எரிந்தது என்று தாளில் இருப்பதாக மேரி பக்கத்து விளக்கப் பலகையை வாசித்துச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படத்தில் எரிவது மீன்பிடிக்கிறவன் வள்ளம். நம் வள்ளத்து முகப்பில் ஒட்டியிருக்கிற அதே மாதா!

காவலுக்கு நின்ற ராமநாதபுரத்துத் தம்பி, மேரியின் கழுத்துச் சிலுவையைப் பார்த்துச் சிரித்தான்.

“ஒங்க ஆளுகதான்க்கா.”

“அவன் சொல்லிக்கிட்டாப் போதுமா தம்பி? மாதாகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?” என்றேன் நான்.

வெளியே வந்ததும் அவன் எங்கள் இருவருக்கும் டீ வாங்கித் தந்தான்.

டீ குடிக்கும்போதுதான் ஊர் அச்சகத்திலிருந்து உன் முதலாண்டு நினைவுத் திருப்பலி கார்டு, அச்சடிக்குமுன் சரிபார்க்க, மேரியின் போனுக்கு வந்தது. உன் படம், அதற்குக் கீழே, ‘இறைவன் தம் சித்தப்படி அழைத்துக்கொண்டார்.’ உன் சவப்பெட்டியோடு கம்பெனி அனுப்பிய தாளிலும் இதே வரிதான். அன்றைக்கு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பாதுகாப்பு பெல்ட் தராமல்தான் உன்னை மேலே ஏற்றினார்கள் என்று உன் ரூம்காரர்கள் பிறகு சொன்னார்கள். ஏற்றியவன் பேரைச் சொல்லத்தான் அவர்களுக்குப் பயம்.

கார்டிலிருந்து அந்த வரியை எடுக்கச் சொன்னேன்.

“எல்லாரும் போடுததுதானம்மா,” என்றாள் மேரி.

“உள்ள கண்ணாடிப் பெட்டியில தாளு கெடக்கே, அத அடிச்சவனும் அதத்தானே போட்டிருக்கான்?”

போகிறவர்கள் தண்ணீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் கண்காட்சி திறப்பதில்லை. பலகையெல்லாம் அரபியும் இங்கிலீஷும்தான். என்னைப்போல இருந்தால் வாசிக்கத் தெரிந்தவரோடு போங்கள், வாசிக்காமல் திரும்பாதீர்கள்.

கார்டில் அந்த வரி இருந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அங்கே எதைப் போடுவது என்று அச்சகத்துக்காரர் நாளைக்குள் சொல்லச் சொல்கிறார். பெல்ட் இல்லாமல் உன்னை அந்த உயரத்துக்கு ஏற்றிவிட்டது யார், சூசைக்குட்டி?